பலெர்மோ: அரண்மனையிலிருந்து கடல் வரை நடந்தே

பலெர்மோவின் பழைய நகரத்தை ஒரே தெரு குறுக்கே கிழித்துக்கொண்டு போகிறது. மேட்டில் அரண்மனையை ஒட்டி நிற்கும் போர்த்தா நுவோவா வாசலில் தொடங்கி, கடலோரம் போர்த்தா ஃபெலிச்சே வாசலில் முடியும் தெரு அது. வரைபடத்தில் விட்டோரியோ எமனுவேலே என்று போட்டிருக்கும். ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் காஸ்ஸரோதான். நீளம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. நிற்காமல் நடந்தால் அரை மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிடலாம். இந்த அத்தியாயம் அதற்கு ஒரு காலையையும் ஒரு மாலையையும் எடுத்துக்கொள்கிறது. மறுநாளுக்கு ஒரு மலை ஏற்றமும் உண்டு.

கூட ஆள் வைத்துக்கொள்ள வேண்டிய ஊர் இல்லை இது. எந்தத் தெருவில் போவது என்பதைவிட எந்த நேரத்தில் போவது என்பதுதான் இங்கே முக்கியம். சிறிய தேவாலயங்கள் மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தினால் மூன்று, நான்கு மணி வரை திறப்பதில்லை. சில அன்று திறக்கவே திறக்காது. ஞாயிறு காலை பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். சந்தை மதியத்தோடு அடங்கிவிடும். ஆகவே கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால் பூட்டிய கதவுகளைத்தான் பார்க்க வேண்டிவரும்.

புறப்படுமுன்

ஏப்ரல், மே, அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஆப்பிரிக்காவிலிருந்து வீசும் சிரொக்கோ காற்று சென்னைவாசியையும் சோர்ந்துபோக வைக்கும். தெருக்களில் பாவியிருக்கும் கல் காலங்காலமாகத் தேய்ந்து வழவழத்துப்போனது; மழைத் தூறல் விழுந்தால் வழுக்கும். அடிப்பாகம் தேயாத செருப்பு அல்லது ஷூ அவசியம். தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். துப்பட்டாவோ மெல்லிய சால்வையோ பையில் இருந்தால் போதும். பல இடங்களில் சிறு நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள் என்பதால் சில்லறை யூரோக்களை வைத்துக்கொள்ளுங்கள். சந்தைக்குள் பையை முன்பக்கம் மாட்டுங்கள். காஸ்ஸரோவிலும் அதைக் குறுக்கே வெட்டும் மக்வேதா தெருவிலும் பெரும்பகுதி நடப்பவர்களுக்கு என்று பெயர். ஸ்கூட்டர்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முதல் நடை: காலை, மேட்டிலிருந்து நாற்சந்தி வரை

நோர்மன் அரண்மனைக் கதவு திறக்கும்போதே வாசலில் இருங்கள். ஒன்பதரை மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். அதன்பிறகு காப்பெல்லா பலத்தினா என்ற அரண்மனைச் சிற்றாலயத்துக்குள் அண்ணாந்து பார்க்கக்கூட இடம் இருக்காது. சிசிலியின் பிராந்தியப் பேரவை இன்றும் இந்த அரண்மனையில்தான் கூடுகிறது. அதனால் செவ்வாய் முதல் வியாழன் வரை அரச அறைகளைப் பொதுவாக மூடி வைப்பார்கள். சிற்றாலயத்தை மட்டும் பார்ப்பதென்றால் அந்த நாட்களே மேல், கட்டணமும் குறைவு.

அராபியர் 831-ல் பிடித்து ஆண்ட ஊர் இது. வடக்கேயிருந்து வந்த நோர்மன்கள் 1072-ல் கைப்பற்றினார்கள். அவர்கள் வழியில் வந்த இரண்டாம் ரொஜர் 1130-ல் சிசிலியின் அரசனாக முடிசூட்டிக்கொண்டு இந்தச் சிற்றாலயத்தைக் கட்டினான், 1140-ல் அர்ச்சித்தார்கள். சுவரிலும் குவிமாடத்திலும் தங்க மொசைக் பதித்தவர்கள் பைசாந்தியக் கைவினைஞர்கள். எல்லோர் கண்ணும் முதலில் அங்கேதான் போகும், போகட்டும். பிறகு நடுக்கூடத்தின் மரக் கூரையைப் பாருங்கள். சிறு சிறு பொந்துகள் அடுக்கடுக்காகக் கீழ்நோக்கித் தொங்குகிற அராபிய மரவேலை அது. ஒவ்வொரு பொந்துக்குள்ளும் ஓவியம்: குழல் ஊதுபவர், கோப்பையோடு சம்மணமிட்டிருப்பவர், சதுரங்கம் ஆடும் இருவர். பலிபீடத்தை நோக்கி முழந்தாளிடும் இடத்துக்கு நேர்மேலே ஒரு சுல்தானின் விருந்து நடந்துகொண்டிருக்கிறது. வெறுங்கண்ணுக்கு இவை எட்டாது. சிறிய தொலைநோக்கி ஒன்று இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் கைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அரை மணி நேரம் கொடுக்கலாம், தகும்.

வெளியே வரும்போது சிற்றாலயத்துக்கு அருகே சுவரில் பதித்த ஒரு சலவைக்கல்லை எல்லோரும் கடந்து போய்விடுவார்கள். 1142-ல் ரொஜர் செய்வித்த நீர்க்கடிகாரத்தின் கல்வெட்டு அது. லத்தீன், கிரேக்கம், அரபி என மூன்று மொழிகளில் செய்தி இருக்கிறது. கடிகாரம் போய்விட்டது, கல் மட்டும் நிற்கிறது. அந்த அரசவையில் எந்தெந்த மொழிகளில் காரியம் நடந்தது என்று அறிய இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

பக்கத்தில் சான் ஜொவான்னி தெல்யி எரெமித்தி இருக்கிறது. ஐந்து சிவப்புக் குவிமாடங்கள், பாழடைந்த மடத்து முற்றம், எலுமிச்சை மரங்கள். அஞ்சலட்டைகளில் வருகிற அந்தச் சிவப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீரமைப்பின் கைவண்ணம். உள்ளே வெறும் சுவர்தான். நேரம் நெருக்கினால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

போர்த்தா நுவோவா வாசலைத் தாண்டும்போது நகருக்கு வெளிப்புறத்தைத் திரும்பிப் பாருங்கள். தலைப்பாகையோடு நான்கு பெரிய கல் மனிதர்கள். அவர்களில் சிலருக்குக் கைகள் இல்லை. பேரரசன் ஐந்தாம் சார்ல்ஸ் தூனிஸை வென்று 1535-ல் இந்த வழியாக ஊருக்குள் வந்ததன் நினைவாகத் தோற்ற மூர்களை இப்படிச் செதுக்கி நிறுத்தினார்கள். ரொஜரின் அவைக்கும் இதற்கும் நடுவே நானூறு ஆண்டுகள். மனம் எவ்வளவு சுருங்கிப்போனது என்று தெரிகிறது.

இங்கிருந்து தெரு இறக்கம். ஐந்து நிமிடத்தில் இடப்பக்கம் பேராலயம். வெளியே ஒரு மணி நேரம் நிற்கலாம், உள்ளே கால் மணி போதும் என்பது என் கணக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உட்புறத்தை வெள்ளையடித்ததுபோல் மாற்றிவிட்டார்கள். தெற்கு முகமண்டபத்தின் இடப்புறத் தூணில் குர்ஆன் வசனம் ஒன்று அரபியில் செதுக்கியிருக்கிறது. பள்ளிவாசலாக இருந்த காலத்தின் மிச்சம். 1185 வாக்கில் பேராயர் இந்தப் பேராலயத்தை எழுப்பியபோது அந்தத் தூணைத் தூக்கி எறியாமல் வாசலிலேயே வைத்துக்கொண்டார். கண் மட்டத்துக்குச் சற்று மேலே தேடுங்கள். உள்ளே இரண்டாம் ரொஜரும் பேரரசன் இரண்டாம் ஃபிரெடெரிக்கும் கருஞ்சிவப்புக் கல் பேழைகளில் கிடக்கிறார்கள்.

தரையில் ஒரு பித்தளைக் கோடு ஓடுவதைப் பார்ப்பீர்கள்; ஓரத்தில் பன்னிரண்டு ராசிகளும் வண்ணக் கல்லில் இழைத்திருக்கும். ஜுசெப்பே பியாட்ஸி என்ற பாதிரியார் 1801-ல் அமைத்தது. அதே ஆண்டு ஜனவரி 1 அன்று, நீங்கள் சற்று முன் பார்த்த அரண்மனையின் கோபுரத்து வானாய்வகத்தில் உட்கார்ந்து சீரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தவரும் அவரே. மேலே சிறு துளை வழியாக விழும் வெயில் பொட்டு உச்சிவேளையில் அந்தக் கோட்டைக் கடக்கும். கோடைகால நேரம் அமலில் இருக்கும் மாதங்களில் அது மதியம் ஒரு மணியை ஒட்டி, குளிர்காலத்தில் பன்னிரண்டை ஒட்டி. அதற்காகக் காத்திருந்தால் அடுத்த தேவாலயம் மூடிவிடும். வானியலில் ஆர்வமுள்ளவர்கள் இன்னொரு நாள் வரட்டும், மற்றவர்கள் நடக்கலாம்.

பத்து நிமிட நடையில் குவாத்ரோ கான்தி, நாற்சந்தி. 1608-க்கும் 1620-க்கும் இடையே கட்டியது. நான்கு மூலையிலும் உள்வாங்கி வளைந்த நான்கு முகப்புகள். கீழே நீரூற்று, அதற்கு மேல் ஒரு பருவகாலம், அதற்கு மேல் ஒரு ஸ்பானிய அரசன், உச்சியில் ஊரின் பாதுகாவலியான ஒரு புனிதை. பொழுது நகர நகர வெயில் ஒரு முகப்பிலிருந்து அடுத்ததற்கு மாறிக்கொண்டே போகும். நடுவில் நின்று படம் எடுக்கக் கூட்டம் முண்டும். கொஞ்சம் பொறுங்கள், எந்த முகப்பில் வெயில் அடிக்கிறது என்று பார்த்து அதை எடுங்கள்.

நாற்சந்தியிலிருந்து மக்வேதா தெருவில் தெற்கே திரும்பியதும் பிரெத்தோரியா நீரூற்று. ஃபிளாரன்ஸில் ஒரு பிரபுவின் தோட்டத்துக்காகச் செய்து, அவர் மகன் விற்க, பலெர்மோ நகர மன்றம் 1573-ல் வாங்கிப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் கொண்டுவந்தது. ஆடையில்லாத சிலைகள் நிறைய; சுற்றிலும் தேவாலயமும் கன்னியர் மடமும். வெட்கச் சதுக்கம் என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. கீழே நின்று பார்ப்பதைவிட எதிரே உள்ள சாந்தா கத்தரீனா மடத்தின் மொட்டைமாடியில் ஏறிப் பாருங்கள். அதே மடத்தின் உள்முற்றத்தில், கன்னியர்கள் பல நூற்றாண்டாகச் செய்துவந்த பாதாம் பலகாரங்களை அவர்கள் கைமுறைப்படியே இன்றும் செய்து விற்கிறார்கள். கன்னோலி என்ற குழல் பலகாரம் கேட்டால் ரிக்கோத்தாப் பாலாடைக்கட்டியை அப்போதுதான் உள்ளே திணித்துக் கொடுப்பார்கள். முன்கூட்டியே நிரப்பி வைத்த கன்னோலியை எந்தக் கடையிலும் வாங்காதீர்கள், ஓடு நமுத்துப்போயிருக்கும்.

மடத்துக்குப் பின்னால் மார்த்தொரானா. ஒரு மணிக்குள் உள்ளே போயாக வேண்டிய இடம் இது. ரொஜரின் கடற்படைத் தலைவன், அந்தியோக்கியாவைச் சேர்ந்த ஜோர்ஜ் 1143-ல் கட்டியது. கிறிஸ்து தன் கையால் ரொஜருக்கு முடிசூட்டும் மொசைக் இங்கே இருக்கிறது. இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பாருங்கள்: அதே தாடி, அதே நீண்ட மூக்கு. தற்செயல் என்று நான் நம்பவில்லை. எதிர்ப்புறம் தேவமாதாவின் காலடியில் ஜோர்ஜ் குப்புற விழுந்து கிடக்கிறான். தலையும் கையும் மட்டும் தெரிய, உடம்பு ஆமை ஓடுபோல் மூடிக் கிடக்கும். ஹஜ் முடித்துத் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து சிசிலியில் ஒதுங்கிய அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், 1184 கிறிஸ்துமஸ் நாளில் இந்தத் தேவாலயத்தைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அன்று ஊரின் கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப்போல உடுத்தி வந்ததையும் குறித்துவைத்தார். இன்று இங்கே அல்பேனிய வம்சாவளியினர் கிரேக்க முறையில் வழிபாடு நடத்துகிறார்கள். பக்கத்துச் சான் கத்தால்தோவுக்கு மூன்று சிவப்புக் குவிமாடம், உள்ளே சுவர்களில் எந்த அலங்காரமும் இல்லை. ஒரு காலத்தில் தபால் நிலையமாக இருந்த கட்டடம். ஐந்து நிமிடம்.

மதியம்: பல்லாரோ

மக்வேதாவைக் கடந்து தென்மேற்கே இரண்டு சந்து தள்ளினால் கூச்சல் கேட்கும். பல்லாரோ சந்தை அதுதான். மீன்காரர் விலையைப் பாட்டாக இழுத்துக் கூவுவார். அதற்கு அபன்னியாத்தா என்று பெயர். வாள்மீனின் தலை கத்தி முனை மேலே பார்க்க ஐஸ் மேல் நிற்கும். காலையில் வந்தால் சந்தை முழு வீச்சில் இருக்கும். ஒரு மணிக்கு வந்தால் கடைகள் பாதி, அடுப்புகள் முழுசாக. பசியோடு வருபவருக்கு இதுதான் சரியான நேரம்.

சைவர்களுக்குப் பலெர்மோ கைகொடுக்கும் ஊர். பனெல்லே என்பது நம் பஜ்ஜிக்குக் காய் இல்லாத தம்பி. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, உப்பும் நறுக்கிய பார்ஸ்லி இலையும் சேர்த்து, கூழ் இறுகும் வரை விடாமல் கிளறி, மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, துண்டு போட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். சுடச்சுட நான்கைந்தை எள் தூவிய ரொட்டிக்குள் அடுக்கி, எலுமிச்சை பிழிந்து தாளில் சுற்றித் தருவார்கள். பொரித்து வைத்ததை எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி அடுத்த ஈடு வரும்வரை நில்லுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். உருளைக்கிழங்கு உருண்டையும் உண்டு. ஆனால் ஸ்ஃபின்சோனே என்ற தடித்த ரொட்டியின் மேல் வெங்காயத்தோடு நெத்திலி வகை மீன் கரைந்திருக்கும். வெண்ணெய் அரன்சினா என்ற பொரித்த சோற்றுருண்டைக்குள் பன்றியிறைச்சித் துண்டு இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அசைவர்களுக்கான பரீட்சை பானி கா மேயூசா: வேகவைத்த மாட்டு மண்ணீரலையும் நுரையீரலையும் பன்றிக் கொழுப்பில் வதக்கி ரொட்டிக்குள் வைப்பது. எலுமிச்சை மட்டும் போட்டால் அதற்குக் கன்னி, பாலாடைக்கட்டி சேர்ந்தால் கல்யாணமானது என்று பெயர். முதல் தடவை கல்யாணமானதைக் கேளுங்கள்.

சாப்பிட்டதும் அறைக்குப் போய்ப் படுங்கள். ஊரே அதைத்தான் செய்யும்.

இரண்டாம் நடை: மாலை, நாற்சந்தியிலிருந்து கடல் வரை

நான்கு மணிக்கு மீண்டும் நாற்சந்தி. கடலை நோக்கிச் சற்று நடந்து இடப்பக்கம் இறங்கினால் வூச்சிரியா. ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ 1974-ல் வரைந்த இறைச்சிக்கடைகளும் மீன்களும் நிறைந்த சந்தை இன்று இல்லை. பகலில் நாலைந்து கடைகள், இரவில் இளைஞர்கள் குடித்துக் கூத்தடிக்கும் முற்றம். பழைய வூச்சிரியாவைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஓவியத்தைத்தான் பார்க்க வேண்டும். அது கொஞ்ச தூரத்தில் பியாட்ஸா மரீனாவை ஒட்டிய ஸ்தேரி மாளிகையில் இருக்கிறது.

சந்தைக்கு மேலே சான் தொமெனிக்கோ தேவாலயம். 1992 மே 23 அன்று மாஃபியா வைத்த குண்டில் மனைவியோடும் மூன்று காவலர்களோடும் இறந்த நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே இங்கே அடக்கமாகியிருக்கிறார். கல்லறை மேல் மாணவர்கள் எழுதிவைத்த துண்டுச் சீட்டுகள் இருக்கும். வெளியே கடைகளில் காட்ஃபாதர் படம் போட்ட பனியன் தொங்கும், வாங்காதீர்கள். இந்த ஊரில் அது வேடிக்கை இல்லை. மாமூல் தரமாட்டோம் என்று அறிவித்த கடைகள் கதவில் அத்தியோபிட்ஸோ என்ற ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருக்கும். 2004-ல் இளைஞர்கள் தொடங்கிய இயக்கம். பரிசுப் பொருள் வாங்குவதானால் அந்தக் கதவுகளுக்குள் போங்கள்.

தேவாலயத்துக்குப் பின்சந்தில் ரொசாரியோ பிரார்த்தனைக் கூடம். வெளியே சாதாரணச் சுவர். உள்ளே ஜாக்கொமோ செர்பொத்தா சுண்ணச் சாந்தில் குழைத்தெடுத்த குழந்தைகள், சீமாட்டிகள், வீரர்கள், எல்லாம் பால் வெள்ளை. வலிமையின் உருவமாக நிற்கும் பெண்ணின் தூணில் ஒரு பல்லி ஊர்ந்து ஏறுவதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். செர்பொத்தாவின் கையெழுத்து அது. அங்கிருந்து காஸ்ஸரோவைக் கடந்தால் சான் லொரென்ட்ஸோ கூடம். அவருடைய வேலைதான், இன்னும் துள்ளலானது. பலிபீடத்தின் மேல் கராவாஜியோ வரைந்த இயேசு பிறப்பு தொங்கியது. 1969 அக்டோபரில் ஓர் இரவு யாரோ சட்டத்திலிருந்து அறுத்துக்கொண்டு போனார்கள்; இன்றுவரை கிடைக்கவில்லை. 2015-லிருந்து அங்கே இருப்பது கணினி உதவியோடு செய்த நகல். இரண்டு கூடங்களும் மாலை ஆறை ஒட்டி மூடிவிடும்.

பியாட்ஸா மரீனா தோட்டத்துக்கு வந்தால் உட்காரலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, நம் ஆலமரத்தின் இனத்தைச் சேர்ந்த மாபெரும் மரம் ஒன்று விழுதுகளைத் தரையில் ஊன்றி வேலிக்கம்பிகளையே விழுங்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்தேரி மாளிகையில் சமய விசாரணை மன்றம் 1782 வரை சிறை நடத்தியது. கைதிகள் சுவரில் வரைந்த புனிதர்களும் வரைபடங்களும் புலம்பல்களும் அப்படியே இருக்கின்றன. அங்கே மட்டும் வழிகாட்டியோடுதான் விடுவார்கள்.

தெருவின் முடிவில் போர்த்தா ஃபெலிச்சே. இரண்டு பெரிய தூண்கட்டுகள், மேலே வளைவு கிடையாது. ஆண்டுதோறும் ஜூலை 14 இரவு ஊரின் பாதுகாவலி சாந்தா ரொசாலியாவின் தேர் அரண்மனையிலிருந்து இதே தெருவழியாக இறங்கி, நாற்சந்தியில் மேயர் ஏறிப் புனிதையை வாழ்த்திக் குரல் கொடுத்தபின், கடலுக்கு வருகிறது. உயரமான தேர் தட்டாமல் போகவே வாசலைத் திறந்தபடி விட்டார்கள் என்பார்கள். வாசல் தேர்த்திருவிழாவைவிட மூத்தது என்பதால் நான் அதை ஊர்க்கதையாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த வாரம் அறை கிடைப்பது கடினம், விலையும் ஏறிவிடும். இன்னொன்று: இந்தக் கடல் கிழக்கே பார்த்தது. சூரியன் மறைவது உங்கள் முதுகுக்குப் பின்னால், மலைகளில். கடலில் சூரியனைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலை வாருங்கள்.

மூன்றாம் நடை: மொந்தே பெல்லெக்ரீனோ

நகருக்கு வடக்கே 606 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலை. 1624-ல் கொள்ளைநோய் ஊரை அழித்துக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கே குகையில் தவமிருந்ததாகச் சொல்லப்படும் ரொசாலியாவின் எலும்புகள் கிடைத்தன. ஊரைச் சுற்றி அவற்றைப் பவனியாகக் கொண்டுவந்தபின் நோய் அடங்கியது என்பது நம்பிக்கை. அன்றிலிருந்து பலெர்மோவின் பாதுகாவலி அவள்.

மலையடிவாரத்திலிருந்து கல் பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது; நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். வழியில் கடை இல்லை, நிழல் குறைவு, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். உச்சிக்குக் கீழே பாறையோடு ஒட்டிய முகப்பு. அதைத் தாண்டினால் ஈரம் கசியும் கெபி. கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்க உலோகத் தகடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. கண்ணாடிக்குள் பொன்னாடை போர்த்திய ரொசாலியாவின் சுரூபம் சாய்ந்து கிடக்கிறது.

இங்கே உங்கள் காதில் தமிழ் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எண்பதுகளிலிருந்து யாழ்ப்பாணத்திலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்து பலெர்மோவில் குடியேறிய ஈழத் தமிழர்கள் ஏராளம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவக் குடும்பங்களும் நேர்த்திக்கடனோடு இந்த மலை ஏறுகின்றன, ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகம். செப்டம்பர் 4, புனிதையின் திருநாள். முந்தைய இரவே ஊர் திரண்டு ஏறும், வெறுங்காலோடு வருபவர்களும் உண்டு. வேண்டுதலோடு வந்தவர்களைப் படம் எடுக்காதீர்கள். பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள். ஊரில் எங்கே நல்ல இடியாப்பம் கிடைக்கும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

ஏற முடியாதவர்களுக்கு நகரப் பேருந்து இருக்கிறது. டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் முன்பே வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பரிசோதகர் வந்தால் பதியாத டிக்கெட்டுக்கும் அபராதம்தான். மேலிருந்து திரும்பும் பேருந்துகள் அடிக்கடி இல்லை. இறங்கும் நேரத்தை நிறுத்தத்துப் பலகையில் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு கெபிக்குள் போங்கள்.